திரையில் திரும்பி வந்த வேன்

சுனாமிக்கு அடுத்த வருடம் கல்முனையில் ஒரு நிவாரண நிறுவனத்தின் வாகனங்களுக்குப் பொறுப்பாக இருந்தேன். சாரதிகள் ஓடிய தூரத்தைக் கையால் எழுதுவதை நிறுத்தி, கணினிக்கு மாற்றினேன். காலையில் வேன் புறப்படும் முன்பே, போகும் ஊர் ‘பொத்துவில்’ என்று தட்டினால் போகும் தூரம், வரும் தூரம், திரும்பும் நேரம் எல்லாம் தானாகவே விழும்.

ஒருநாள் மாலை, மஃரிப் தொழுகைக்குச் சற்று முன், பொத்துவிலுக்குப் போயிருந்த சாரதி நசீர் காக்காவின் மனைவி தொலைபேசியில் கேட்டார்.

"தம்பி, நம்மட ஆள் வந்திட்டாரா?"

திரையைப் பார்த்தேன். காலையில் தானாக விழுந்த திரும்பும் நேரம் ஐந்து மணி என்று இருந்தது. "ஓம் ராத்தா, அஞ்சு மணிக்கே வந்திட்டார்."

அப்போது வேன் திரும்பும் வழியில் கோமாரிப் பக்கம் பள்ளத்தில் கவிழ்ந்து கிடந்தது. என் பதிலை நம்பி இரண்டு மணித்தியாலம் யாரும் தேடவில்லை. நசீர் காக்கா கால் முறிந்ததோடு தப்பினார்.

ஆஸ்பத்திரியில் ராத்தா என்னை ஏசவில்லை. "வந்திட்டார் எண்டு நீங்க சொன்னதால சோறு போட்டு மூடி வெச்சன்" என்றார்.

இப்போது யார் கேட்டாலும், முற்றத்துக்குப் போய் வேனைக் கையால் தொட்டுவிட்டுத்தான் பதில் சொல்கிறேன்.