ஹோம் தியேட்டருக்கு ஆகாத ஜன்னல்

கையைத் தட்டிப் பார்ப்பதற்கு ஒருவர் கட்டணம் வாங்குவார் என்பதைப் பெங்களூர் பொம்மனஹள்ளியில் நாங்கள் வீடு கட்டும்போதுதான் தெரிந்துகொண்டேன். சுவர்கள் எழும்பிவிட்டன. பூச்சு வேலைக்கு முன்னால் ஒயர் போகும் குழாய்களைப் பதிக்க வேண்டிய கட்டம். ஹோம் தியேட்டர் அமைத்துத் தருகிற ஒருவரை என் கணவர் கையோடு கூட்டிவந்தார். அவருடைய விசிட்டிங் கார்டில் சவுண்ட் கன்சல்டன்ட் என்று தங்க எழுத்தில் போட்டிருந்தது. சிமெண்ட் தூசிக்கு நடுவே கறுப்புக் கோட்டில் வந்த அந்த மகானுபாவர் ஒவ்வொரு அறைக்குள்ளும் போய் ஒரு தடவை கையைத் தட்டினார், பிறகு கண்ணை மூடிக்கொண்டார். அருள்வாக்குக்குக் காத்திருப்பவர் மாதிரி என் கணவர் பக்கத்திலேயே நின்றார்.

அப்போதுதான் வீடியோ கேசட்டுகள் பரணுக்குப் போய் டிவிடி வந்திருந்தது. கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்களுக்கு ஒரு வியாதியும் கூடவே வந்தது. ஒருவர் வீட்டுக்குப் போனால் காபிக்கு முன்னால் ஹெலிகாப்டர் காட்டுவார்கள். எந்த வீட்டுக்குப் போனாலும் அதே ஹெலிகாப்டர்தான். ஸ்பீக்கர்களிலிருந்து அதன் சத்தம் முதுகுக்குப் பின்னால் கிளம்பி, தலைக்கு மேலே ஒரு சுற்றுச் சுற்றி, முன்னால் போய் இறங்கும். வந்தவர்கள் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும். பார்க்காவிட்டால் மறுபடியும் முதலிலிருந்து போடுவார்கள். என் கணவரின் மேலதிகாரி வீட்டில் அப்படி ஒரு சாயங்காலம் போனது. திரும்பி வரும் வழியெல்லாம் என் கணவர் அந்த ஹெலிகாப்டரைப் பற்றியே பேசினார். பாவம், அந்தச் சத்தம் அவரை அப்படிப் பாதித்திருந்தது.

கன்சல்டன்ட் முதலில் எங்களைப் பேட்டி எடுத்தார். "சார் எந்த மாதிரி மியூசிக் கேப்பீங்க? அதுக்குத் தகுந்த மாதிரிதான் டிசைன் பண்ணணும்" என்றார். என் கணவர் கொஞ்சமும் கூசாமல், "மோஸ்ட்லி வெஸ்டர்ன் கிளாசிக்கல்" என்றார். சேலத்திலிருந்து அவர் கொண்டுவந்த டூ-இன்-ஒன் டேப்ரெக்கார்டரில் சினிமாப் பாட்டைத் தவிர வேறெதுவும் ஓடி நான் கேட்டதில்லை. குளியலறையில் அவர் பாடுவதும் அதுதான், அதுவும் பல்லவி மட்டும். கன்சல்டன்ட் மிகுந்த மரியாதையோடு தலையாட்டினார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் நம்புகிற மாதிரி நடித்ததைப் பார்க்கச் சகிக்கவில்லை.

கீழ்த்தளத்து ஹாலை அவர் நிராகரித்துவிட்டார். மாடிப்படி வழியாகச் சத்தம் ஒழுகிவிடுமாம். மாடியறைகளையும் நிராகரித்தார். அங்கே அதிர்வு அதிகமாம். கடைசியாகக் கீழே கிழக்குப் பக்கம் இருந்த படுக்கையறைக்குள் போய்க் கையைத் தட்டினார். கண்ணை மூடினார். திறந்தபோது முகம் மலர்ந்திருந்தது.

"சார், இதுதான் ரூம். பர்ஃபெக்ட் ரெக்டாங்கிள். அந்த ஜன்னலை மட்டும் க்ளோஸ் பண்ணிடலாம். பாத்ரூம் எதுக்கு? அதுல ஆம்ப்ளிஃபையர் எல்லாம் வெச்சிடலாம், சூடு வெளிய போயிடும்."

அது என் அப்பாவுக்கென்று கட்டிய அறை. அம்மா போன பிறகு அவர் ஆஸ்டின் டவுனில் வாடகை வீட்டில் தனியாக இருந்தார். வீட்டுக்காரர் இடத்தை விற்கப்போவதாகச் சொல்லிவிட்டார். அப்பாவுக்கு இரண்டு முட்டியும் தேய்ந்து போயிருந்தது. பேருந்துப் படி ஏறுவதற்கே கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் நிற்பார். அதனால்தான் வரைபடத்திலேயே அவருக்குக் கீழே அறை, உள்ளேயே குளியலறை, சுவரில் பிடித்துக்கொள்ளக் கம்பி என்று போட்டிருந்தோம். ஜன்னல் இருக்கும் இடத்தை மட்டும் அவரே மேஸ்திரியிடம் சொன்னார். வெளியே காலி மனையில் ஒரு புங்க மரம் நின்றது. கட்டிலில் படுத்தபடி அது தெரிய வேண்டும் என்றார். எங்களிடம் அவர் கேட்டது அது ஒன்றுதான்.

இன்னொரு விஷயத்தையும் சொல்ல வேண்டும். வீடு நின்ற மனையே அப்பாவுடையது. மாநில அரசு வேலையில் இருந்தபோது ஊழியர் வீட்டுமனைச் சங்கத்தில் சேர்ந்து, வருஷக்கணக்கில் பணம் கட்டி வாங்கியது. வங்கிக் கடன் சுலபமாகக் கிடைக்கட்டும் என்று அதை என் கணவர் பெயருக்கு எழுதிக் கொடுத்தார். நானும் வேலைக்குப் போகிறவள்தானே, என் பெயரையும் சேர்க்கலாமே என்று கேட்டேன். "மாப்பிள்ளை என்ன நெனப்பாரும்மா?" என்றார். எங்கள் ஜனங்களுக்கு இந்த ஒரு கேள்வி போதும், சொத்து, சுகம், புத்தி எல்லாவற்றையும் தூக்கிக் கொடுத்துவிடுவார்கள். மாப்பிள்ளை பெரும்பாலும் எதையுமே நினைத்திருக்க மாட்டார்.

அன்று வண்டியில் திரும்பும்போது கேட்டேன். "அப்பா எங்க படுப்பாரு?"

"மாடியில பால்கனியோட ரூம் இருக்கே. காத்து நல்லா வரும்."

"முட்டி வலிக்கு?"

"படி ஏறி இறங்கினா முட்டிக்கு நல்லதுதான். டாக்டருங்களே சொல்றாங்க."

எந்த டாக்டர் என்று கேட்டேன். ஹாரனை அடித்தார். சண்டை போட்டேன். வீட்டில், வண்டியில், போனில் என்று ஒரு இடம் பாக்கி வைக்கவில்லை. அவர் கோபமே படாமல், ரொம்பப் பொறுமையாக, அறைகளின் நீள அகலத்தை எனக்கு விளக்கினார். கன்சல்டன்டும் சமரசத்துக்கு வந்தார். "மேடம், அங்கிள் எப்ப வேணா கீழ வந்து உக்காரலாம். சாயற மாதிரி சோபா போடறோம். அதுல தூங்கவே தூங்கலாம்" என்றார். ஜன்னல் இல்லாத, சுவரெல்லாம் கறுப்புத் துணி ஒட்டிய அறையில் என் அப்பா சோபாவில் தூங்க வேண்டுமாம். இந்த யோசனைக்குத் தனியாகக் கட்டணம் வாங்காதது அவருடைய பெருந்தன்மை.

"ஒங்கப்பாவையே கேட்டுக்கோ. அவருக்கு வேணும்னா நான் குறுக்க நிக்கல" என்று கடைசியில் கணவர் சொன்னார். நான் ஜெயித்துவிட்டதாகவே நினைத்தேன்.

ஜன்னலை அடைக்க ஆள் வந்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவை ஆஸ்டின் டவுனிலிருந்து ஆட்டோவில் கூட்டிப்போனேன். வழியில் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வெளியே பார்த்துக்கொண்டே "ம்" போட்டுவந்தார். நாங்கள் போனபோது மேஸ்திரி கலவையைக் குழைத்துக்கொண்டிருந்தார். ஜன்னல் சட்டத்தைக் கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள். கன்சல்டன்ட் சாக்பீஸால் தரையில் கோடு கிழித்து ஸ்பீக்கர் வைக்கும் இடங்களை என் கணவருக்குக் காட்டிக்கொண்டிருந்தார். கட்டிலின் தலைமாடு வரவேண்டிய இடத்தில் ஒரு வட்டம் போட்டிருந்தது. அங்கே உட்கார்ந்தால்தான் சத்தம் எல்லாப் பக்கமும் சமமாகக் கேட்குமாம்.

நான் ஜன்னல் ஓட்டைக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன். "அண்ணா, கொஞ்சம் நிறுத்துங்க" என்று மேஸ்திரியிடம் சொல்லிவிட்டு அப்பாவைப் பார்த்தேன். "அப்பா, நீங்களே சொல்லுங்க. இந்த ரூம் யாருக்கு?"

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் என்னைப் பார்க்கவில்லை. ஜன்னலையும் பார்க்கவில்லை. என் கணவரின் முகத்தைத்தான் முதலில் பார்த்தார். ஒரு வார்த்தை, "உங்களுக்குத்தான் மாமா" என்று ஒரே ஒரு வார்த்தை அவர் சொல்லியிருந்தால் போதும். மனிதர் கையிலிருந்த வரைபடத்தைக் கவனமாகச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"மாப்பிள்ளை வீட்டுல நான் என்னம்மா சொல்றது?" என்றார் அப்பா. "அவரு ஆசப்பட்டுச் செய்யறாரு. எனக்கு எங்க இருந்தா என்ன? மேல காத்து வரும்."

"பாத்தியா, அவரே சொல்லிட்டாரு" என்றார் கணவர். கன்சல்டன்ட் "அங்கிள் சூப்பர்" என்றார். இந்த இரண்டு பேர் மேலும் எனக்கு அருவருப்பு வந்தது, அது புதிதல்ல. அன்று அப்பா மேலும் வந்தது. தான் வாங்கிய மண்ணில் நின்றுகொண்டு விருந்தாளி மாதிரிக் கையைக் கட்டிக்கொண்டு பேசுகிறாரே என்று உடம்பெல்லாம் எரிந்தது. கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. "ஆளுங்க முன்னாடி வேணாம்மா" என்று மட்டும் அப்பா மெதுவாகச் சொன்னார். நான் நகர்ந்தேன். மேஸ்திரி முதல் செங்கல்லை வைத்தார்.

மறுவாரம் அலுவலகத்துக்குப் போகிற வழியில் கட்டடத்தில் இறங்கினேன். வாட்ச்மேன் குடும்பத்தோடு ஊருக்குப் போயிருந்தான், புதுச்சுவருக்குத் தண்ணீர் ஊற்ற ஆளில்லை என்று கணவர் முந்தின நாள் போனில் யாரிடமோ புலம்பியதைக் கேட்டிருந்தேன். அறைக்குள் இருட்டாக இருந்தது. வெளியே சளப் சளப் என்று சத்தம் கேட்டது. சுற்றிக்கொண்டு போய்ப் பார்த்தேன்.

அப்பா இரண்டு பேருந்து மாறி வந்திருந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரு கையால் சாரக் கம்பத்தைப் பிடித்தபடி, பக்கெட்டிலிருந்து மொண்டு மொண்டு அந்த அடைத்த ஜன்னல் மேல் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். குனிந்து நிமிரும்போதெல்லாம் முட்டியைப் பிடித்துக்கொண்டார்.

"விடுங்கப்பா. காயட்டும். வெடிச்சா வெடிக்கட்டும்" என்றேன்.

அவர் திரும்பிப் பார்த்துவிட்டு இன்னொரு மக் மொண்டார்.

"புதுக்கட்டு நல்லா நனையணும்மா. வெடிப்பு உட்டா சத்தமெல்லாம் வெளிய போயிடும். அப்புறம் மாப்பிள்ளை வருத்தப்படுவாரு."