பிடி என்றுதான் சொன்னார்

மைசூர் மண்டி மொஹல்லாவில் அந்த வாரம் சேகரனை எதிர்ப்பட்டவர்கள் எல்லாரும் கேட்டது ஒரே கேள்வி. மாப்பிள்ளைக்குக் கை எப்படி இருக்கிறது? சேகரனும் எல்லாருக்கும் ஒரே பதிலைத்தான் வைத்திருந்தார்.

"நான் பிடி பிடின்னு கத்தறேன். அவரு கயித்த விட்டுட்டாரு. நான் என்ன பண்ணட்டும், சொல்லுங்க."

தேங்காய் மண்டியில் சொன்னார். டீக்கடையில் சொன்னார். சவரக் கத்தி கழுத்தில் இருக்கும்போதுகூடச் சொன்னார். சொன்னால் பாரம் குறையும் என்று பார்த்தார், குறையவில்லை. மாப்பிள்ளை கிரணுக்கு இடது கையில் இரண்டு விரல்கள் நசுங்கியிருந்தன. கிரண் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸைத் தேய்த்துப் பிரேமில் பொருத்துகிறவர். விரல் நுனிதான் அவருக்குச் சோறு. மகள் அஷ்வினி ஆஸ்பத்திரியில் அப்பாவின் முகத்தை ஏறிட்டுப் பார்க்கவில்லை. அதன் பிறகு போனையும் எடுக்கவில்லை. இரண்டு வருஷம் பேச்சில்லாமல் இருந்து இப்போதுதான் வந்து போகத் தொடங்கியிருந்த மகள். மறுபடியும் போய்விடுவாளோ என்பதுதான் சேகரனுக்குள் அரித்துக்கொண்டிருந்தது. அதை மட்டும் அவர் யாரிடமும் சொல்லவில்லை.

சேகரன் லேசுப்பட்ட ஆள் இல்லை. தமிழ்நாட்டு எல்லையோரக் கௌதள்ளியில் மூன்றாம் வகுப்போடு சிலேட்டைத் தூக்கி எறிந்துவிட்டு மைசூருக்கு பஸ் ஏறியவர். மண்டியில் மூட்டை தூக்கினார், லாரியில் கிளீனராகப் போனார், ஸ்டியரிங் பிடித்தார், முப்பத்தைந்து வயதில் சொந்தமாக ஒரு பிக்கப் வண்டி வாங்கினார். கையெழுத்துக்கு மேல் எழுதத் தெரியாது. ஆனால் எஞ்சின் ஓடுகிற சத்தத்தை வைத்தே எந்த வால்வு தகராறு பண்ணுகிறது என்று சொல்லிவிடுவார். டை கட்டிய ஆட்கள் மூன்று நாள் உருட்டியும் ஓடாத ஒரு டீசல் பம்பை அவர் அரை மணி நேரத்தில் ஓட விட்டது மண்டி முழுக்கத் தெரியும். தெரியாதவர்களுக்கு அவரே சொல்லிவிடுவார்.

அந்தப் பிக்கப் ஒன்பது வருஷமாக வீட்டுப் பக்கத்துக் காலி மனையில் நின்று துருவேறிக் கிடந்தது. பழைய இரும்புக்காரன் இரண்டு தடவை வந்து கேட்டான். இரண்டாவது தடவை சேகரன் அவனுக்கு வாசலைக் காட்டினார்.

"பழையபடி ஓட வைக்கறதுன்னா எவன் வேணா பண்ணுவான். நான் இதைப் புது வண்டிய விட நல்லா ஓட வைக்கறேன், இருந்து பாரு."

வேலையைத் தொடங்கினார். கேபினைக் கழற்றி ஓரமாக வைத்தார். அடிச்சட்டமான சேசிஸைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து ரெட் ஆக்சைடு அடித்தார். ஓட்டை விழுந்த தரைக்குத் தகடு வெட்டி வெல்டிங் வைத்தார். பவர் ஸ்டியரிங், முன் சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக், நாலு கியர் பெட்டியை எடுத்துவிட்டு ஐந்து கியர் பெட்டி என்று அவர் மனதில் பெரிய திட்டம் ஓடியது.

அஷ்வினி காதலித்துக் கட்டிக்கொண்டவர்தான் கிரண். மாண்டியா பக்கத்துக் கன்னடக்காரர். கல்யாணத்துக்குச் சேகரன் போகவில்லை. இரண்டு வருஷம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாமியாருக்கு மருந்து கொடுக்க வந்த கிரண், மாமனார் தனியாக சேசிஸோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்தார். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு இன்னொரு பிரஷ்ஷை எடுத்தார். அடுத்த ஞாயிறும் வந்தார். அதற்கடுத்த ஞாயிறு அஷ்வினியும் வந்தாள்.

கிரணுக்குத் தமிழ் வராது. சேகரன் அவரிடம் கன்னடத்தில்தான் பேசுவார், அதுவும் மாப்பிள்ளைக்கு உரிய மரியாதையோடு. வாங்க என்பதற்கு "பன்னி", போங்க என்பதற்கு "ஹோகி". மனைவி பொன்னம்மாவின் அண்ணன் ஊரிலிருந்து வந்தபோது இதைக் கேட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"ஏம் மாப்ளே, ரெண்டு வருசம் பேசாம இருந்து, இப்ப பேசறப்பவும் பன்னிங்கறியே அந்தப் பையன."

சேகரனும் சிரித்தார். அன்று வீட்டில் எல்லாரும் சிரித்தார்கள்.

கியர் பெட்டி ஏற்றிய நாள் வந்தது. கிரண் கேட்டார், பாரம் தூக்க வாடகைக்குச் செயின் பிளாக் கிடைக்குமே, எடுத்துக்கொண்டு வரட்டுமா என்று. சேகரன் அவருடைய தோளில் தட்டிச் சிரித்தார். மலை மாதிரி மூட்டைகளைக் கயிற்றிலும் கப்பியிலும் ஏற்றி இறக்கிய கை இது, ஒரு கியர் பெட்டிக்குச் செயின் பிளாக்கா என்றார். கிரண் அதற்கு மேல் கேட்கவில்லை.

மூன்று இரும்புக் குழாய்களை முக்காலி போல நிறுத்தி, உச்சியில் கப்பியைக் கட்டி, கியர் பெட்டியைத் தொங்கவிட்டார்கள். சேகரன் முன்பக்கம் குனிந்து, பெட்டியின் ஷாஃப்டை கிளட்ச் பிளேட்டின் துளைக்கு நேராகக் கொண்டுவந்தார். கிரண் பின்பக்கம் நின்றார். வலது கையில் கயிறு, இடது கை பெட்டியின் வால்பக்கத்தின் அடியில். ஷாஃப்ட் பாதி நுழைந்தபோது பெட்டி ஒரு பக்கமாகச் சரிந்தது.

"பிடி, பிடி" என்று கத்தினார் சேகரன்.

கிரண் கயிற்றை விட்டார். பெட்டியின் வால் சேசிஸ் குறுக்குச் சட்டத்தில் போய் விழுந்தது. நடுவில் அவருடைய விரல்கள் இருந்தன.

இதுதான் நடந்தது. கதையில் ஒரு பொய் இல்லை. பிடி என்றுதான் சொன்னார், கிரண் விட்டார். சேகரன் மனசாட்சியைத் தொட்டு இதை எங்கே வேண்டுமானாலும் சொல்லுவார்.

ஆறாம் நாள் காலை பக்கத்து வீட்டுப் பசம்மா மொட்டை மாடியில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தவர், கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கன்னடத்தில் கேட்டார்.

"ஏன் சேகரண்ணா, நீயே விடச் சொல்லிட்டு, அந்தப் பையன் மேல எதுக்குப் பழி போடற? நான் இங்கதான் நின்னுட்டிருந்தேன். என் காதுல விழுந்துச்சே."

"யாரு விடச் சொன்னா? உன் காதுல மிளகாய் விதை ஏதாச்சும் போயிருக்கும், பாரு."

"என் காது நல்லாத்தான் இருக்கு. உன் வாயைப் பாரு" என்று சொல்லிவிட்டுப் பசம்மா மிளகாயைப் புரட்டப் போய்விட்டார்.

சேகரன் கொதித்துக்கொண்டு வீட்டுக்குள் வந்தார். பொன்னம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"பாத்தியா, அந்தப் பசம்மா பச்சைப் பொய் சொல்றா. நான் விடச் சொன்னனாமா."

பொன்னம்மா கீரையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "ஏனுங்க, மாப்பிள்ளைகிட்ட நீங்க என்னைக்காச்சும் தமிழ் பேசியிருக்கறீங்களா?"

"அவருக்குத் தமிழே தெரியாது. எதுக்குப் பேசறேன்?"

"அன்னைக்கு எதுல கத்தினீங்க?"

சேகரன் கீரைக்கட்டுக்கு எதிரில் உட்கார்ந்தார்.

கன்னடத்தில் பிடிப்பதற்கு ஹிடி என்பார்கள். பிடி என்று கொஞ்சம் அழுத்திச் சொன்னால் விட்டுவிடுங்கள் என்று அர்த்தம். பன்னி, ஹோகி, பிடி, எல்லாம் ஒரே மரியாதை வரிசை. நாற்பது வருஷமாக இரண்டு பாஷையையும் ஒரே வாயில் பேசி வயிறு வளர்த்தவருக்கு இது தெரியாதா? தெரியும். தெரிந்தும் ஆறு நாளாக அந்தப் பக்கம் அவர் திரும்பிப் பார்க்கவே இல்லை. கன்னடக்காரர்களிடம் கதை சொன்னபோதுகூட ஹிடி என்றே மாற்றிச் சொல்லியிருந்தார்.

"உசிரு போற நேரத்துல கன்னடமா வரும் எனக்கு?" என்றார், குரல் இறங்கி.

"அதத்தான் சொல்றேன். உங்களுக்குக் கன்னடம் வரலை. அந்தப் பையனுக்குத் தமிழ் வராது. நீங்க விடுங்கன்னீங்க, அவரு விட்டுட்டாரு."

"இதை முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"யாரு சொல்லி நீங்க எதைக் கேட்டீங்க?"

சேகரன் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். ராமகிருஷ்ண நகரில் மகள் குடியிருந்த வாடகை வீட்டுக்கு இரண்டு பஸ் மாறிப் போனார். கதவைத் திறந்த அஷ்வினி வழி விடவில்லை.

"மண்டியில எல்லாருக்கும் சொல்லி முடிச்சாச்சா அப்பா? இங்க யார்கிட்ட சொல்லணும்? எங்க வீட்டு ஓனரைக் கூப்பிடட்டுமா?"

"அம்மிணி, அவரை ஒரு தடவை பாத்துட்டுப் போயர்றேன்."

"கடை முதலாளி நேத்து வந்தாரு. 'ஏன்ப்பா, மாமனார் பிடின்னாராம், நீ விட்டுட்டியாம், கவனம் இல்லாத கையில நான் எப்படி லென்ஸைக் குடுக்கறது'ங்கறாரு. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாரு. இவரு ராத்திரி சாப்பிடலை."

உள்ளேயிருந்து கிரண் "விடு அஷ்வினி, வரட்டும்" என்று கன்னடத்தில் சொன்னார்.

கட்டுப் போட்ட கையை ஒரு தலையணை மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சேகரனைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார். சேகரன் வேண்டாம் என்று கையைக் காட்டினார். சொல்ல வந்ததைச் சொல்ல அவருக்கு இரண்டு பாஷையிலும் வார்த்தை கிடைக்கவில்லை. அறுபத்து மூன்று வயதுவரை தேவைப்படாத வார்த்தை அது.

"தப்பு நந்து" என்றார் கடைசியில். தப்பு என்னுடையது. "நான் தமிழ்ல கத்திட்டேன். நீங்க கேட்டது கன்னடம்."

கிரண் கைக்கு அடியில் இருந்த தலையணையைச் சரிசெய்துகொண்டார். "எனக்கும் சந்தேகம் வந்துச்சு மாமா. விட்டா விழுந்துடுமேன்னு. ஆனா நீங்க சொன்னா ஏதாவது காரணம் இருக்கும்னு நினைச்சேன். செயின் பிளாக் கேட்டதுக்கே சிரிச்சீங்க. இன்னொரு தடவை எதுக்குக் கேக்கணும்னு விட்டுட்டேன்."

அவர் இதைக் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் சேகரனால் தாங்கியிருக்க முடியும்.

"டாக்டர் என்ன சொல்றாரு?"

"நடுவிரல் வந்துடுமாம். ஆள்காட்டி விரல் நுனியில உணர்ச்சி வருமா வராதான்னு ரெண்டு மாசம் போனாத்தான் தெரியுமாம்."

"நான் என்ன பண்ணட்டும்?"

பதில் அஷ்வினியிடமிருந்து வந்தது. "எங்கெங்க போய்ச் சொன்னீங்களோ, அங்கெல்லாம் போய் மாத்திச் சொல்லுங்க. அப்புறம் பேசலாம்."

அன்று மத்தியானமே சேகரன் டீக்கடையில் தொடங்கினார். மாப்பிள்ளை மேல் தப்பில்லை, நான்தான் தப்பாகக் கத்திவிட்டேன் என்றார். டீக்கடையில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"பெரிய மனசுண்ணா உங்களுக்கு" என்றான் ஒருவன். "மாப்பிள்ளைக்கு வேலை போயிடக்கூடாதுன்னு பழியைத் தன் தலையில போட்டுக்கறாரு பாருங்க."

"இல்லப்பா, நெசமாவே."

"சரிங்கண்ணா, சரி. எங்களுக்குப் புரியாதா?"

சவரக் கடையிலும் அதே கதை. தேங்காய் மண்டி வாசலில் ஒருவர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கவே செய்தார். ஆறு நாளில் அவர் கட்டிய கதை அத்தனை உறுதியாக நின்றது. எந்த வேலையைச் செய்தாலும் கெட்டியாகச் செய்கிறவர் அவர்.

உள்ளே தராசருகே சிவகுமார் உட்கார்ந்திருந்தார். மாண்டியாக்காரர், வீட்டில் கன்னடம் மட்டும்தான். சேகரன் அவர் எதிரில் ஒரு மூட்டையின் மேல் உட்கார்ந்தார். இந்தத் தடவை தப்பு, பழி என்றெல்லாம் பேச்சை எடுக்கவில்லை.

"சிவகுமார், ஒரு சந்தேகம். தலைக்கு மேல பாரம் தொங்குது. கயிறு உங்க கையில. நான் பக்கத்துல நின்னு பிடின்னு கத்தறேன். என்ன பண்ணுவீங்க?"

"விட்டுடுவேன்" என்றார் சிவகுமார். சொல்லி முடிக்கும்போதே அவர் முகம் மாறியது. "அய்யோ சேகரண்ணா. அதையா சொன்னீங்க?"

"அதைத்தான் சொன்னேன்."

"அப்போ ஒரு வாரமா அந்தப் பையனை…"

"ஆமா."

சிவகுமார் அவரை ஒரு நிமிஷம் பார்த்தார். முப்பது வருஷப் பழக்கத்தில் அவர் சேகரனை அப்படிப் பார்த்ததில்லை. பிறகு தராசுப் பக்கம் திரும்பிக்கொண்டார். டீ சொல்லட்டுமா என்றுகூடக் கேட்கவில்லை.

சேகரன் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார். அடுத்த மண்டியில் இருந்தவரும் வீட்டில் கன்னடம் பேசுகிறவர்தான். அங்கே போனார்.