சொல்யூஷன் மணக்கும் ஜெபம்

அணைக்கட்டு சாலையில் போன வாரம் என் வண்டி பஞ்சர் ஆனது. கடைக்காரர் டியூபைத் தேய்த்துவிட்டுச் சின்ன டப்பாவைத் திறந்து சொல்யூஷனை விரலால் தடவினார். அவ்வளவுதான். வெயிலும் லாரிச் சத்தமும் விலகிப்போய், நான் ஆம்பூரில் எங்கள் முன்னறைப் பாயில் முட்டி போட்டிருந்தேன். கூப்பிய கை மூக்கருகே. கையில் அதே வாசனை.

அப்போது ஷூ கம்பெனியில் நான் ஒட்டும் பிரிவில் இருந்தேன். தோலுக்கும் உள்துணிக்கும் சொல்யூஷன் தடவி ஒட்டித் தையல் மெஷினுக்குத் தள்ளிவிட வேண்டும். எந்தச் சோப்புக்கும் அந்த வாசனை போகாது. சோறு பிசைந்தால் வரும், மகளுக்குத் தலை பின்னினால் வரும், ஜெபிக்கக் கை கூப்பினால் கட்டாயம் வரும். ஆண்டவரின் சமுகம், அவர் கிட்ட இருக்கிற உணர்வு, மற்றவர்களுக்கு எப்படி மணக்குமோ தெரியாது. எனக்குச் சொல்யூஷன். இன்றைக்கும் அப்படித்தான், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

என் கணவருக்கு நல்ல குரல். பகலெல்லாம் தோல் பதனிடும் இடத்தில் வேலை. சாயங்காலம் வெள்ளைச் சட்டை, கையில் வேதாகமம். எங்கள் சபையின் வீட்டு ஜெபக்கூட்டம் வாரம் ஒரு வீடாக முறை வைத்து நடக்கும். பாட்டை எடுத்துக் கொடுப்பவர் அவர்தான். அவர் பாடினால் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைப்பார்கள். நானும் துடைத்திருக்கிறேன். வீடு திரும்பிச் செருப்பைக் கழற்றும்போதே அந்தக் குரல் மாறிவிடும். குழம்பில் உப்பு கம்மி, பஸ்ஸில் யாரோடு சிரித்தாய். முதலில் கை. பிறகு கையில் அகப்பட்டதெல்லாம்.

ஐயரம்மாவிடம், அதாவது எங்கள் போதகரின் மனைவியிடம், ஒருமுறை மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன்.

"பொறுத்துக்கோம்மா. ஜெபத்துல சொல்லு, ஆண்டவர் பார்த்துப்பாரு" என்றார். நல்ல மனுஷி. அவருக்குத் தெரிந்ததைச் சொன்னார்.

நானும் சொன்னேன், வாயைத் திறக்காமல். அடி நின்றதா என்றால், இல்லை. ஆனால் விடியும்போது, யாரோ ராத்திரி முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்திருந்து இப்போதுதான் எழுந்து போன மாதிரி, பாய் ஓரத்தில் ஒரு சூடு இருக்கும். அதை வைத்துக்கொண்டு ஒரு பகலைத் தள்ளலாம். தள்ளினேன்.

எங்கள் வீட்டு முறை வந்தது. அதற்கு முந்தின நாள் அவர் அறைந்ததில் என் இடது காது வீங்கி, உள்ளே கொசு மாதிரி ஓயாத ரீங்காரம். அன்று முதல்முறையாக மகள் குறுக்கே வந்தாள். அவளையும் தள்ளிவிட்டார், கதவில் நெற்றி இடித்துக்கொண்டது. எட்டாவது படிக்கிற பிள்ளை, அழவேயில்லை. எழுந்து போய் அவளே மஞ்சள் வைத்துக்கொண்டாள். இது அவளுக்குப் பழகிக்கொண்டிருந்தது. என் காதைவிட அதுதான் வலித்தது. இவளை இங்கிருந்து கூட்டிக்கொண்டு போய்விட வேண்டும். எப்படி, யார் நம்புவார்கள்?

பக்கத்து வீட்டு பாயிடம் நாற்காலி இரவல் வாங்கிப் போட்டேன். டீக்குப் பால் காய்ச்சினேன். ஜெபத்துக்குப் பெண்கள் முக்காடு போடுவது வழக்கம். அது என் காதை மறைத்தது. கம்பெனியில் என் பக்கத்து மேசைக்காரி, வாய் ஜாஸ்தி, வாசலிலேயே ஆரம்பித்தாள்.

"இன்னாக்கா, இங்கயும் கம்பெனி வாசனைதானா? பரலோகம் போனாலும் கேட்ல பஞ்ச் பண்ணச் சொல்வாங்களோ?"

சிரித்துக்கொண்டே என் முக்காட்டுக்குள் பார்த்தாள். சிரிப்பு பாதியில் நின்றது.

பாட்டு, வசனம் எல்லாம் முடிந்து, வரிசையாக ஒவ்வொருவரும் கண்மூடி ஜெபிக்கும் நேரம். ஒருவர் ஜெபிக்கும்போது மற்றவர் குறுக்கே பேசக் கூடாது. "ஸ்தோத்திரம்", "ஆமென்" சொல்லலாம், அவ்வளவுதான். என் முறைக்கு நான் வழக்கமாகச் சொல்வது இரண்டு வரி. அன்றும் அதைத்தான் தொடங்கினேன்.

"ஆண்டவரே, இந்த நாளுக்காக நன்றி. வந்தவங்களுக்காக நன்றி." கை மூக்கருகே. வாசனை. "நேத்து இவரு என்னை அடிச்சாருப்பா."

"ஸ்தோத்திரம்!" என்றார் ஐயரம்மா, வாய்ப் பழக்கத்தில்.

என் வாய் நிற்கவில்லை. "காது கேக்கல. பாப்பாவையும் தள்ளிட்டாரு. கல்யாணம் ஆனதுல இருந்து இப்படித்தான். இவங்க யாருக்கும் தெரியாது, உங்களுக்குத் தெரியும்பா."

என் கணவர் பாட்டை எடுத்தார். ஒருவருடைய ஜெபம் ரொம்ப நீண்டால் கூட்டம் நடத்துபவர் ஒரு பல்லவியை எடுப்பார், எல்லோரும் சேர்ந்துகொள்வார்கள், ஜெபித்தவர் அடங்கிவிடுவார். அதுவும் எங்கள் வழக்கம்தான். அந்த அழகான குரல் முதல் அடியைப் பாடியது. யாரும் சேரவில்லை. இரண்டாம் அடியையும் பாடியது. ஒரு கைகூடத் தட்டவில்லை.

"பிரதர்" என்றாள் மேசைக்காரி, கண்ணைத் திறக்காமலே. "அக்கா இன்னும் ஆமென் சொல்லல."

பாட்டு நின்றது.

"பயமா இருக்குப்பா. எங்களை இங்கிருந்து கூட்டிட்டுப் போங்க. ஆமென்."

"ஆமென்" என்றார்கள். முதலில் மேசைக்காரி, பிறகு எல்லோரும். மகளின் குரலும் அதில் இருந்தது.

டீ ஆறிக் கிடந்தது. ஐயரம்மா எழுந்து வந்து என் முக்காட்டை விலக்கிப் பார்த்தார். "ஜெபத்துல சொல்லுன்னு நான்தானேம்மா சொன்னேன்" என்றார். "பை எங்க இருக்கு, எடு." மேசைக்காரி அதற்குள் கொடியிலிருந்து மகளின் யூனிபார்மை உருவிக்கொண்டிருந்தாள்.

அன்று மேசைக்காரி வீட்டில் படுத்தோம். பிறகு வேலூர். தையல் வேலை, வாடகை அறை, பேஜாரான நாட்கள் எத்தனையோ. இடது காது இன்னும் மந்தம்தான். மகள் இப்போது நர்ஸ்; அவள் டியூட்டி முடிந்து வந்து சத்தம் போட்டுச் சிரிப்பதைக் கேட்க வலது காது போதும். நம்புவது என்றால் தாங்குவது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். பாய் ஓரம் உட்கார்ந்திருந்தவர் என்னைத் தாங்கிக்கொண்டிருந்ததே வெளியே கூட்டிப்போகத்தான் என்று இப்போது நம்புகிறேன். ஒரு பாட்டில் சேராமல் வாயை மூடிக்கொண்ட அத்தனை பேருக்காகவும் நாள்தோறும் நன்றி சொல்கிறேன்.

"இன்னாம்மா, கண்ணு கலங்குது? சொல்யூஷன் நெடியா?" என்றார் பஞ்சர் கடைக்காரர்.

"இல்லப்பா, நல்லாத்தான் இருக்கு" என்றேன். ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

வண்டியைக் கிளப்பியபோது எங்கள் பழைய வாசல்தான் கண்ணில் நின்றது. நாங்கள் பையோடு படி இறங்குகிறோம். அவர் வெள்ளைச் சட்டையில், நிலையைப் பிடித்தபடி.

"எல்லார் முன்னாலயும் மானத்த வாங்கிட்டியேடி."

"நான் அவங்ககிட்ட பேசலங்க. ஆண்டவர்கிட்டதான் பேசினேன்."

அவர் தலை குனிந்தார். பிறகு பாடுகிற அந்தக் குரலில், மெதுவாக, "எனக்காக ஜெபம் பண்ணுவியா?" என்றார்.

"பண்ணுவேங்க. ஆனா இந்த வீட்ல இருந்து இல்ல."