பிரிக்காமல் போட்ட வர்த்தமானிக் கட்டு

சட்டத்தரணி ஜெயராணி மிஸ் காலமான செய்தியைப் பனிச்சங்கேணி மீனவர் சங்கத் தலைவர்தான் எனக்குச் சொன்னார். "மிஸ் போயிட்டா, அருளப்பா" என்றார். பதினேழு வருடம் மிஸ்ஸிடம் எழுதுவினைஞராக இருந்தவன் நான். எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் வருகிறது.

மிஸ் நெடுகச் சொல்லும் கதை ஒன்று உண்டு. "சுதந்திரத்தோடு வந்த அரசியலமைப்பில், சட்டத்தை நீதிமன்றம் தள்ளலாம் என்று ஒரு வரியும் இல்லை. பாராளுமன்றத்துக்கு எல்லை இருந்தால் அதை யாராவது பார்க்க வேணுமே என்று நம்மட நீதிபதிகள்தான் அந்த அதிகாரத்தைக் கண்டெடுத்தார்கள்" என்பார். நீதிப்புனராய்வு இங்கே பிறந்தது அப்படித்தான். பின்னால் புது அரசியலமைப்பு எழுதியவர்கள் அதைப் பறித்தார்கள். இப்போது ஒரு சட்டம் நிறைவேற முன்னம், வெறும் சட்டமூலமாகப் பாராளுமன்றத்துக்கு வந்து இரண்டு கிழமைக்குள் வழக்குப் போட வேண்டும். சபாநாயகர் கையெழுத்து வைத்துவிட்டால் அந்தச் சட்டம் செல்லுமா என்று எந்த நீதிமன்றத்திலும் கேட்க ஏலாது. சோற்றை வாயில் வைக்க முன்னமே உப்பில்லை என்று சொல், தின்றபிறகு சொல்லாதே என்கிறார்கள். இதெல்லாம் ஒரு நியாயமா?

இத்தனை வருடம் இதைக் கேட்ட நானே அந்தப் பிழையைச் செய்தேன். மிஸ் ஆஸ்பத்திரியில் இருந்த நேரம், புதுச் சட்டமூலங்களை அரசாங்கம் அச்சிட்டு அறிவிக்கிற வர்த்தமானிக் கட்டு தபாலில் வந்தது. வெறும் சட்டமூலம்தானே, சட்டமாகட்டும் பார்ப்போம் என்று பிரிக்காமல் அலுமாரிக்கு மேலே போட்டேன். வாவிக்கரையில் தோணி இழுக்கிற இடங்களைக் கம்பனிகளுக்குக் கொடுக்கும் சட்டமூலம் அதற்குள் கிடந்தது.

மிஸ் வந்து பிரித்தபோது சபாநாயகரின் கையெழுத்து விழுந்துவிட்டது. பனிச்சங்கேணியார் வந்து, இனி வழக்குப் போடுவோம் என்று நம்பிக்கையோடு இருந்தார்கள். மிஸ் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

"நான் பிந்திற்றன்" என்றார்.

அவர்கள் போனபிறகு என்னிடம், கட்டு வந்த அன்றே பிரியுங்கள் என்று மட்டும் சொன்னார். ஏசியிருந்தாலாவது எனக்கு ஆறியிருக்கும்.

பாராளுமன்றத்தில் அந்தச் சட்டத்துக்குக் கை உயர்த்திய ஒருவர் செத்தவீட்டுக்கு மலர்வளையத்தோடு வந்து, ஏழைகளின் குரல் ஓய்ந்தது என்று பேசினார். வெட்கம்கெட்ட பேச்சு. தோணி இழுக்க இடமில்லாமல் நிற்கிற பனிச்சங்கேணியார் எழும்பி வெளியே போனார்கள்.

பெட்டி தூக்க ஆள் வந்து கூப்பிட்டபோது நான் மிஸ் வீட்டு முன்னறையிலிருக்கிற எங்கள் அலுவலகத்தில் இருந்தேன். அன்றைய தபாலில் வந்த வர்த்தமானிக் கட்டு என் மடியில் கிடந்தது. கடைசித் தாள்வரை வாசித்துவிட்டு எழும்பினேன். அதற்குள் பெட்டி வாசல் படலையைத் தாண்டிவிட்டது.

தோள் கொடுக்கப் பிந்திவிட்டேன், மிஸ். கட்டைப் பிரித்துவிட்டேன். போய் வாருங்கள்.