மாமனாரின் அமெரிக்கக் காளை

பாடன் நகரத்துக்கு மேலே, மலையில் உள்ள ஒரு பண்ணையில் நான் மருமகள். கணவரும் மாமனாரும் சுவிஸ்காரர்கள். இறைச்சிக்கு மாடு வளர்க்கிறவர்கள். உலகத்து மாடெல்லாம் தன்னைக் கேட்டுத்தான் புல் மேய்கிறது என்பது மாமனாரின் நினைப்பு. கோடைக்குக் கோடை வெயில் ஏற, எங்கள் பழுப்பு மாடுகள் நாக்கைத் தொங்கப்போட்டு இளைத்தன. நிழலுக்கு நாலு மரம் நடுவோம் என்றார் கணவர். அதெல்லாம் வளர்வதற்குள் தான் செத்துவிடுவேன் என்று சொல்லி, மாமனார் தென் பிரான்சுக்குப் போய் 'பிரம்மன்' என்ற இனத்துக் காளை ஒன்றோடு திரும்பினார்.

வெள்ளிச் சாம்பல் நிறம், பெரிய திமில், தொங்கும் காது. "அமெரிக்க இனம்," என்று அயலாரைக் கூட்டி வைத்துப் பிரசங்கம் செய்தார். தளர்ந்த தோலாம், நன்றாக வியர்க்குமாம், மயிர் குட்டையாம், உண்ணியும் அண்டாதாம். அத்தனையும் உண்மைதான். இந்தியாவிலிருந்து கொண்டுபோன திமில் மாடுகளைக் கலந்துதான் அமெரிக்கர்கள் இந்த இனத்தை உண்டாக்கினார்கள் என்று நான் சொன்னேன்.

"அங்கே அதைக் கும்பிட்டார்கள். அமெரிக்கன்தான் உருப்படியாக்கினான்," என்றார். பிறகு என் தோளில் தட்டி, "இவனும் உன்னைப்போல இங்கே பழகிவிடுவான்," என்று சிரித்தார். நான் பிறந்தது பாடன் ஆஸ்பத்திரியில். அயலாரும் சிரித்தார்கள்.

அடுத்த ஞாயிறு ஓர்லிகோனிலிருந்து அப்பா வந்தார். காளையைக் கண்டதும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பினார்.

"எங்கட மாடு, பிள்ளை. எங்கட ஊர் மாடு!"

"அப்பா, இது இறைச்சிக்கு நிக்கிற மாடு."

"ஓம், அது தெரியும். ஆனா ரத்தம் எங்கடதெல்லோ?"

அப்பா யாழ்ப்பாண நகரத்துச் சைக்கிள் கடைக்காரரின் மகன். மாட்டுக்கு எந்தப் பக்கம் பால் வரும் என்பதே அவருக்குச் சந்தேகம். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று அமெரிக்கா என்று ஒருவரும், இந்தப் பக்கம் நின்று எங்கட ஊர் என்று மற்றவரும் அதற்கு உரிமை கொண்டாடினார்கள். சாணி அள்ள இருவரில் ஒருவரும் வரவில்லை.

அந்தக் கோடையில் காளை நடுவெயிலில் நின்று சாவகாசமாக அசைபோட்டது. மாமனாரைக் கையில் பிடிக்க முடியவில்லை. ஆனால் இங்கே கோடை கொஞ்சம், குளிர் மிச்சம் என்பது அறுபது வருஷம் இந்த மலையில் இருந்தவருக்குத் தோன்றவே இல்லை. முதல் பனியிலேயே காளை நடுங்கியது. குட்டை மயிரைப் பெருமையாகத் தடவிக் காட்டியவர், இப்போது குதிரைப் போர்வைக்கு அலைந்தார். தொழுவத்தில் சூட்டு விளக்கு எரிந்தது. வெளியே, நீண்ட மயிர் வளர்த்த பழுப்பு மாடுகள் பனியில் கவலையில்லாமல் நின்றன.

தீவனம் வைத்தது நான்தான். சாதுவான பிராணி. போர்வையைச் சரிசெய்யும்போது என் சட்டைக் கையை நக்கும். மார்கழியில் காதின் நுனி குளிரில் கறுத்துப்போனது. அன்றைக்குத்தான் கணவர் தகப்பனோடு சண்டை போட்டு, விற்றவருக்கே போன் செய்து, திரும்ப எடுத்துக்கொள்ளச் சொன்னார். லொறி வந்தபோது மாமனார் வீட்டுக்குள் இருந்துகொண்டார். நான்தான் கயிற்றைப் பிடித்து ஏற்றிவிட்டேன். மறுப்பில்லாமல் ஏறியது.

பின்னேரம் அப்பா போன் எடுத்தார்.

"மாட்டை அனுப்பிப்போட்டியளோ?"

"ஓம்."

"குளிர் தாங்காதெண்டு நான் அப்பவே நினைச்சனான்."

அப்பா அப்படி நினைத்ததை நான் கேள்விப்பட்டதே இல்லை. இரவுச் சாப்பாட்டில் மாமனாரும் ஜெர்மனில் அதையேதான் சொன்னார்.