சூரனைக் கூப்பிடும் விதம்

எங்கள் ஊரில் வெடிச் சத்தத்துக்குத் திரும்பிப் பார்ப்பவர் வெளியூர்க்காரராகத்தான் இருப்பார். தாயில்பட்டிப் பக்கம் பிறந்த பிள்ளைக்குத் தொட்டிலிலேயே அது பழகிவிடும். கோழிக்கும் ஆட்டுக்கும்கூடப் பழகிவிடும். சாயங்காலமானால் பட்டாசுக் கம்பெனிக்குப் பின்னால் உள்ள பொட்டலில், அன்றைக்குச் செய்த சரக்கில் கொஞ்சம் எடுத்து வெடித்துப் பார்ப்பார்கள். ஒழுங்காக வெடிக்கிறதா, புஸ்ஸென்று போகிறதா என்று பார்த்துச் சொல்வது என் அப்பாவின் வேலை. வெடி போடுவதற்குச் சம்பளமும் கொடுக்கிறார்கள் என்றால், அதைவிடப் பெரிய உத்தியோகம் இருக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அந்தப் பொட்டலிலிருந்துதான் அப்பா ஒரு நாய்க்குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். உடம்பெல்லாம் வெள்ளை. முதல் வெடிக்கே மற்ற குட்டிகள் ஓடைப் பக்கம் ஓட்டம் பிடித்தனவாம். இது மட்டும் சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்ததாம். அதைக் கேட்டதும் என் மாமா, அம்மாவின் தம்பி, அந்த இடத்திலேயே அதற்குச் சூரன் என்று பெயர் வைத்துவிட்டார். தெருவில் அதன் தைரியத்தைப் பற்றிப் பெரிய பேச்சாக இருந்தது. கூப்பிட்டால் வராது. "திமிரு பிடிச்ச நாயி" என்று அதையும் பெருமையாகவே சொன்னார்கள். வேறு ஊராக இருந்தால் முதல் தீபாவளிக்கே விஷயம் தெரிந்திருக்கும். வெடிக்குப் பயப்படாத நாயைப் பார்த்துச் சந்தேகப்பட எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தோன்றவில்லை.

நான் ஒரே பிள்ளை. அம்மாவும் அதே கம்பெனியில் பேக்கிங் வேலை பார்த்தாள். காலையில் கம்பெனி வேன் ஏறினால், இருட்டுகிற நேரத்தில் பசை வாசனையோடு இறங்குவாள். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் பூட்டிய வீடுதான் இருக்கும். அப்பா வந்து கைகால் கழுவி டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவார். தெருமுனைவரை கேட்கிற மாதிரி சத்தம் வைப்பார். நான் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதியபடியே பள்ளிக்கூடத்துக் கதைகளைச் சொல்லிக்கொண்டிருப்பேன். ஒரு 'ம்' கூட வராது. ஓட்டப் பந்தயத்தில் ஜெயித்ததைச் சொன்ன அன்றும் வரவில்லை. சில நாள் நான் அழுகிற விஷயத்தைச் சொல்லும்போது சிரித்துத் தலையாட்டுவார். என் அப்பாவுக்கு என்னைப் பிடிக்கவில்லை என்று நான் முடிவு கட்டிக்கொண்டேன். அழுகை வரும். யாரிடம் போய் அழுவது?

சூரனிடம்தான் எல்லாவற்றையும் சொன்னேன். எதிரே உட்கார்ந்தால் கண்ணை எடுக்காமல் என் வாயையே பார்க்கும். வீட்டில் என் பேச்சைக் காது கொடுத்துக் கேட்பது அது ஒன்றுதான் என்று நம்பினேன்.

ஒருநாள் சாயங்காலம் அம்மா வந்த வேன் எங்கள் தெருவில் பின்னால் எடுத்துத் திரும்பியது. சக்கரத்துக்குப் பின்னால் சூரன் படுத்திருந்தது. டிரைவர் ஹாரன் அடித்தார், வேனிலிருந்த பெண்கள் அத்தனை பேரும் கத்தினார்கள். அது அசையவில்லை. பின்னங்காலில் சக்கரம் ஏறிய பிறகுதான் ஊளையிட்டது.

வெம்பக்கோட்டை மாட்டாஸ்பத்திரிக்கு அப்பா சைக்கிளில் கூட்டிப் போனார். நான் பின்னால் உட்கார்ந்து சூரனை மடியில் வைத்துக்கொண்டேன். டாக்டர் காலுக்குக் கட்டுப் போட்டுவிட்டு, ஏதோ யோசித்தவராக அதன் தலைக்குப் பின்னால் நின்று படாரென்று கை தட்டினார். வாசலில் கட்டியிருந்த கன்றுக்குட்டி துள்ளியது. மருந்து எடுத்துக்கொண்டிருந்த அம்மாள் திடுக்கிட்டுத் திரும்பினார். சூரன் திரும்பவில்லை. ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டு நின்ற என் அப்பாவும் திரும்பவில்லை. நாய்க்கு இப்படி ஆகியிருக்கிறது, வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்கிறாரே என்று எனக்குக் கோபமாக வந்தது.

"இதுக்குப் பொறவியிலேயே காது கேக்காதும்மா. சில வெள்ளை நாய்க இப்பிடிப் பொறக்கும். கடைசிவரைக்கும் பக்கத்துலயே ஆளிருந்து பாக்கணும்" என்று டாக்டர் என்னிடம்தான் சொன்னார்.

சூரனின் வீரமெல்லாம் ஒரே நாளில் கரைந்துபோனது. மாமா வீட்டுக்கு வந்து, ஊரே சொன்னதைச் சொன்னார்.

"காது கேக்காத நாய வச்சிக்கிட்டு என்னக்கா செய்ய? இன்னைக்குக் கால்ல ஏறுச்சி, நாளைக்குத் தலையில ஏறும். டேம் கரையில கொண்டுபோயி விட்டுருவோம்."

எனக்கு உயிரே போய்விட்டது. அம்மாவுக்கோ நாய் என்றாலே ஆகாது; அதன் சோற்றுச் சட்டியைக்கூடத் தள்ளித்தான் வைப்பாள். போய்த் தொலையட்டும் என்றுதான் சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். அம்மா கையிலிருந்த கரண்டியைக் கீழே போட்டாள்.

"காது கேக்கலன்னா கொண்டுபோயி விட்டுருவியாலே? நாளைக்கு வீட்டுல ஒரு மனுசனுக்குக் கேக்காமப் போனாலும் இப்பிடித்தான் சொல்லுவியா?"

"நாயச் சொன்னா நீ ஏன்க்கா மனுசனுக்குப் போற?" என்று மாமா முழித்தார்.

அம்மா அடுப்படிக்குள் போய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அப்பா சூரனின் கட்டைச் சரிசெய்துகொண்டிருந்தார். குனிந்த தலை நிமிரவேயில்லை. அம்மாவுக்கு நாய்மேல் இவ்வளவு பாசமா என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அன்றைக்கு அம்மா என்னை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தாள். "பின்னால நின்னு கூப்பிடாத. முன்னால போயி மூஞ்சியக் காட்டு. தள்ளி இருந்தா சிமெண்டுத் தரைய ஓங்கி மிதி, அதிர்வு தெரியும். தூங்கையில சட்டுன்னு தொட்டுராத, பதறும். கேக்கலயேன்னு கோவிச்சுக்கிடாத தாயி. தனக்குக் கேக்கலன்னு அதுக்கே எம்புட்டு வருத்தமா இருக்கும்."

பிறவியிலேயே காது கேட்காத நாய்க்கு அந்த வருத்தம் எப்படி வரும் என்று எனக்குச் சந்தேகம் வந்தது. அம்மாவுக்கு நாயைப் பற்றி இத்தனை தெரிந்திருக்கிறதே என்ற ஆச்சரியத்தில் கேட்காமல் விட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு சூரன் என் பொறுப்பு. வேன் வருகிற நேரங்களில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்க வேண்டும். விளையாடக் கூப்பிட்டுப் பார்த்த பிள்ளைகள், "இவ நாய் மேய்க்கப் போயிட்டா" என்று கேலி பேசினார்கள். பிறகு கூப்பிடுவதையே விட்டுவிட்டார்கள். விருதுநகரில் சித்திக்குக் கல்யாணம் நடந்தபோது, அம்மா தாலி கட்டுகிற நேரத்துக்குப் போய்வரும்வரை நான் வீட்டில் சூரனோடு இருந்தேன். தெருவே வெறிச்சோடிக் கிடந்தது. வீட்டின் வெவ்வேறு மூலைகளில் நின்று தரையை மிதிப்பேன். ஒவ்வொரு தடவையும் அது நொண்டிக்கொண்டு வந்து என் முகத்தைப் பார்க்கும். அன்றைக்கு என் விளையாட்டு அதுதான்.

அப்பாவின் காது கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருந்ததை அம்மா எனக்குச் சொன்னபோது, நான் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தேன். அப்பா அதற்குள் கம்பெனியை விட்டுவிட்டு ஆடு வளர்த்துக்கொண்டிருந்தார். பட்டாசுக் கம்பெனியில் 'ஓடு' என்று ஒருவர் கத்தினால் கேட்கிற காது வேண்டும். கேட்காதவரை உள்ளே விடமாட்டார்கள். அதனால் அம்மா ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. பிள்ளை வாயை நம்ப முடியாது என்று என்னிடமும் சொல்லவில்லை.

இதெல்லாம் எனக்குத் தெரிவதற்கு வெகுகாலம் முன்பு, சூரனுக்குக் கால் ஆறிவந்த சமயத்தில் ஒரு சாயங்காலம். சட்டியில் சோற்றைப் போட்டுக்கொண்டு அடுப்படி வாசலில் நின்று தரையை ஓங்கி மிதித்தேன். கொல்லைப்பக்கத்திலிருந்து சூரன் வந்தது. முன்னறையில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த அப்பாவும் திரும்பிப் பார்த்தார். எழுந்து என்னை நோக்கி வந்தார்.

"என்ன தாயி, கூப்பிட்டியா?"

எத்தனையோ நாள் கூப்பிட்டும் திரும்பாதவர், நாயைக் கூப்பிட்டதற்கு வந்து நிற்கிறார். எனக்குச் சிரிப்பாகவும் இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது. குனிந்து சட்டியைச் சூரன் முன்னால் வைத்தேன். அதன் முகத்தைப் பார்த்துக்கொண்டே, "ஒங்களக் கூப்பிடலப்பா, சூரனத்தான் கூப்பிட்டேன்" என்றேன்.

சூரன் சாப்பிட்டு முடிக்கும்வரை நான் நிமிரவில்லை. நிமிர்ந்தபோது அப்பா அதே இடத்தில், நான் சொல்லப்போகும் பதிலுக்காக என் முகத்தைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தார். காலிச் சட்டியை எடுத்துக்கொண்டு கழுவப் போய்விட்டேன்.