கேட்டில் கிடைத்த மாமனார்

என் வீட்டுக்காரருக்குக் கல்யாணமே நின்றுபோக இருந்தது. ஜாதகத்தில் ஒரு குறையும் இல்லை. அவரே உட்கார்ந்து எழுதிய புரோகிராம்தான் காரணம். இந்தப் பேச்சை நான் எடுத்தாலே, "உனக்கும்தான் நின்னுருக்கும்" என்பார். எனக்கு ஏன் நிற்கிறது? திருச்சியில் ஒருவர் தயாராக இருந்தார்.

அந்தத் திருச்சிக்காரரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். நல்ல உத்தியோகம், சொந்த வீடு. ஒரே ஒரு நிபந்தனை, கல்யாணத்துக்கு அப்புறம் பெண் வேலைக்குப் போகக் கூடாது. நானோ பெரம்பலூரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். தினமும் காலையில் குரும்பலூரிலிருந்து பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய், சாயங்காலம் தொண்டை வற்றித் திரும்புவேன். அந்த வேலை எனக்கு உயிர். அப்பா இல்லாத வீடு என்பதால் எல்லா முடிவும் என் தாய்மாமா கையில் இருந்தது. அவருக்குத் திருச்சி வீடு ரொம்பப் பிடித்திருந்தது.

இதற்கு நடுவில்தான் அரியலூர்ப் பக்கத்து சிமென்ட் ஆலை ஒன்றிலிருந்து இவர் என்னைப் பெண் பார்க்க வந்தார். இவருடைய அப்பாவும் அதே ஆலையில் பேக்கிங் செக்‌ஷனில் இருந்தார். மகன் கம்ப்யூட்டர் செக்‌ஷன். மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு, "கம்ப்யூட்டர்ல என்ன வேலை தம்பி?" என்று கேட்டார்.

"டைரக்டரி சர்வீஸ்ங்க. ஆலையில இருக்கற எல்லாரோட விவரமும் ஒரு சர்வர்ல இருக்கும். பேரு, செக்‌ஷன், குவார்ட்டர்ஸ், போன், எல்லாம். நான் எழுதற புரோகிராம் அதுகிட்ட போயி கேக்கும். அது பதில் சொல்லும்."

"புரோகிராம் கேக்குது, சர்வர் சொல்லுது. நீங்க என்ன பண்ணுவீங்க?" என்றார் மாமா.

பாவம், இவர் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்கே பரிதாபமாகிவிட்டது. "எந்த லாங்குவேஜ்ல எழுதறீங்க?" என்று கேட்டுவிட்டேன். "விபி ஸ்கிரிப்ட்" என்றார். "நானும் அதுதான் சொல்லித் தரேன்" என்றேன். அப்போதுதான் முதல்முறையாகத் தலையைத் தூக்கினார். "கல்யாணத்துக்கப்புறமும் சொல்லித் தருவீங்கல்ல?" என்று கேட்டார். அவ்வளவுதான், நான் மனசுக்குள் முடிவு பண்ணிவிட்டேன். அம்மாவிடம் மட்டும் "பரவால்ல" என்றேன்.

எங்கள் பக்கம் பையன் வேலை பார்க்கும் இடத்துக்கு ஓர் ஆள் போய்ச் சத்தமில்லாமல் விசாரித்து வராமல் தாம்பூலம் மாற்ற மாட்டார்கள். சொன்ன வேலையில்தான் இருக்கிறானா, ஆள் எப்படி, வேறு ஏதாவது விவகாரம் உண்டா என்றெல்லாம் தெரிந்தாக வேண்டும். பையன் வீட்டுக்குத் தெரியாமல் போவதுதான் முறை. மாமா வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு அரியலூர் பஸ் ஏறினார். சாயங்காலம் திரும்பியவர் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டார்.

"அக்கா, இந்த எடம் வேணாம். பையன் சொன்னது பொய்யி. கம்ப்யூட்டரும் இல்ல ஒண்ணும் இல்ல, அப்பன் மாதிரி அவனும் பேக்கிங்லதான் கெடக்கறான். அது கூடப் போவட்டும். பேமிலி குவார்ட்டர்ஸ் குடுத்துருக்காங்க. தனி ஆளுக்கு எவன் பேமிலி குவார்ட்டர்ஸ் குடுப்பான்? ஏற்கனவே ஒரு குடும்பம் வச்சிருக்கான்."

அம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "யாரு சொன்னா மாமா?" என்றேன்.

"ஆளு சொன்னாத்தான் மாத்திச் சொல்லுவான். கம்ப்யூட்டரே சொல்லிச்சு. கேட்டுல புதுசா ஒண்ணு வச்சிருக்காங்க. பேரச் சொன்னேன். வாட்ச்மேன் தட்டுனாரு. பேரு, இனிஷியல், எல்லாம் சரியா வந்துச்சு. மத்தத அவருதான் படிச்சுச் சொன்னாரு. கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா?"

வெள்ளிக்கிழமை திருச்சிக்காரர்களை வரச் சொல்லிவிடுவதாகவும் சொல்லிவிட்டு மாமா சாப்பிட உட்கார்ந்தார். நான் பின்கட்டில் நின்று கொஞ்சம் அழுதேன். அழுது முடித்ததும் கோபம் வந்தது. கோபம் வந்தால்தான் எனக்கு மூளை வேலை செய்யும். அந்த கேட் கம்ப்யூட்டரில் ஓடுவது யார் எழுதிய புரோகிராம்? அந்த மகானுபாவர் எழுதியதுதான்.

அந்த மாதிரி டைரக்டரிகளைப் பற்றி நானும் படித்திருந்தேன். அதெல்லாம் வெள்ளைக்காரன் செய்தது. ஒவ்வொரு ஆளுக்கும் சர்நேம் என்று ஒரு ஃபீல்டில் குடும்பப் பெயர் கேட்கும். அந்த இடத்தைக் காலியாக விட்டால் ஆளையே சேர்த்துக்கொள்ளாது. நமக்கு ஏது குடும்பப் பெயர்? அப்பா பேரின் முதல் எழுத்துதான் இனிஷியல். ஆகவே இவர் அந்த இடத்தில் எல்லோருக்கும் அவரவர் அப்பா பேரைப் போட்டிருப்பார். புத்தகத்து உதாரணங்களில் ஆளைத் தேடுவது எப்போதும் குடும்பப் பெயரை வைத்துத்தான். திரையில் காட்டுவதும் குடும்பப் பெயரை முழுதாக, சொந்தப் பெயருக்கு ஓர் எழுத்து மட்டும். அதையும் அப்படியே இறக்கியிருப்பார்.

எங்கள் பக்கத்தில் தாத்தா பேரைத்தான் தலைப்பிள்ளைப் பேரனுக்கு வைப்பார்கள். இவருக்கும் அப்பா வழித் தாத்தா பேர்தான், பெண் பார்க்க வந்தபோது அவர் அம்மாவே பெருமையாகச் சொன்னார். அப்படியானால் கேட்டில் இவர் பேரைத் தட்டினால் யார் வருவார்? அந்தப் பேர் யாருக்கு அப்பா பேரோ அவர்தான் வருவார். அதாவது இவருடைய அப்பா. மகன் பேர் முழுதாக, பக்கத்தில் அப்பா பேரின் முதல் எழுத்து. பார்த்தால் மகன் மாதிரியே இருக்கும். மாமா என் மாமனாரை விசாரித்துவிட்டு, அவர் சம்சாரி என்று கண்டுபிடித்துக்கொண்டு வந்திருக்கிறார்.

மறுநாள் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு எஸ்டிடி பூத்திலிருந்து ஆலைக்குப் போன் போட்டேன். அம்மாவுக்குத் தெரிந்தால், நிச்சயம் ஆகாத பையனுக்குப் பெண் போன் பண்ணுவதா என்று வீட்டையே இரண்டாக்கியிருப்பாள்.

"குரும்பலூர்லேருந்து பேசறேன்."

"சொல்லுங்க" என்றார்.

"கேட்டுல வச்சிருக்கீங்களே, அது எந்த ஃபீல்டுல தேடுது?"

"சர்நேம்லங்க."

"சர்நேம்ல யார் பேரு இருக்கு?"

"அப்பா பேரு."

"உங்க பேரச் சொல்லி எங்க மாமா வந்து தேடுனாரு. யாரு வந்திருப்பாங்கன்னு நெனைக்கிறீங்க?"

மெதுவாக, "எங்கப்பா" என்றார்.

"ஆமா. உங்கப்பாவுக்குப் பொண்ணு குடுக்க எங்க மாமாவுக்கு இஷ்டமில்லையாம். வெள்ளிக்கிழம திருச்சிலேருந்து வராங்க."

இந்த இடத்தில் ஒரு மனிதர் என்ன சொல்ல வேண்டும்? ஐயோ என்றாவது சொல்லலாம். "ரெண்டு ஃபீல்டுலயும் தேடற மாதிரி நடுவுல ஒரு 'ஆர்' போட்டா சரியாயிடும்" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் வாழ்க்கை பஸ் ஏறிப் போய்க்கொண்டிருக்கிறது, இவர் 'இது அல்லது அது' என்று 'ஆர்' போடுகிறாராம். "போடுங்க, நல்லா போடுங்க" என்றேன். "மாமாவ நாளைக்கு ஒரு தடவ வரச் சொல்லுங்க" என்றார். போனை வைத்துவிட்டேன்.

வைத்துவிட்டேனே தவிர, வீட்டுக்கு வந்து மாமாவின் காலைப் பிடிக்காத குறைதான். நடந்ததை விளக்கினேன். அவர் ஏற்றுக்கொள்ளவில்லை. "மெஷினுக்கு எம்மேல என்ன விரோதம்? உள்ள இருக்கறததான சொல்லும்" என்றார். அம்மாவும் சேர்ந்து கெஞ்சிய பிறகு ஒரு வழியாக இறங்கி வந்தார். "நாளைக்குப் போறேன். அதுல என்ன போட்டிருக்கோ அதுதான் முடிவு. அப்பறம் நீ மூச்சு விடக் கூடாது." சரி என்று தலையாட்டினேன். வேறு வழி?

மறுநாள் சென்டரில் நான் என்ன பாடம் எடுத்தேன் என்று எனக்கே தெரியாது. வீட்டுக்கு வந்தபோது மாமா கூடத்தில் உட்கார்ந்து காபியை ஆற்றிக்கொண்டிருந்தார். முகத்தை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. அம்மா அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பேரைச் சொன்னதும் இந்த முறை திரையில் இரண்டு பேர் வந்தார்களாம், சொந்தப் பேரும் அப்பா பேரும் முழுதாக. முதலில் அப்பா, அடுத்து மகன். வாட்ச்மேன் மகனைத் தட்டிப் படித்திருக்கிறார். கம்ப்யூட்டர் செக்‌ஷன். பேச்சலர் குவார்ட்டர்ஸ். மாமாவுக்குப் பாதி உயிர் திரும்பியிருக்கிறது. அடுத்து வாட்ச்மேன், "கீழ ஒரு குறிப்பு போட்டிருக்குங்க. பொண்ணு நிச்சயம் ஆயிடுச்சாம்" என்றாராம்.

"எனக்கு வந்துதே கோவம்" என்றார் மாமா. "நம்மகிட்ட வந்து பொண்ணு பாத்துட்டு, வேற எடத்துல நிச்சயம் பண்ணிட்டானான்னு. எந்த ஊருப் பொண்ணுய்யான்னு கேட்டேன். குரும்பலூர்னு போட்டிருக்குங்கறாரு. ஏங்க, அந்த ஊருல உங்களுக்கு யாரையாவது தெரியுமான்னு என்னையே கேக்கறாரு."

"நீ என்னடா சொன்ன?" என்றாள் அம்மா.

"என்ன சொல்றது? எங்க அக்கா மகதான்னேன்." காபியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார். "கம்ப்யூட்டர்லயே ஏறிடுச்சுக்கா. இனிமே நாம பேசறதுக்கு என்ன இருக்கு? திருச்சிக்குத் தகவல் சொல்லிடறேன்."

என்னை ஒரு வார்த்தை கேட்காமல் சர்வரில் நிச்சயம் பண்ணிய மனிதரோடு இத்தனை வருடமாகக் குடித்தனம் நடத்துகிறேன். இன்றைக்கும் வீட்டில் எதையாவது காணோம் என்றால், "எந்த ஃபீல்டுல தேடுனீங்க?" என்று கேட்பேன். சிரிப்பார். கல்யாணமான புதிதில் ஒருநாள், அந்தக் குறிப்பை எப்போது எழுதினீர்கள், 'ஆர்' போட்ட பிறகா என்று கேட்டேன். இல்லையாம். நான் போனை வைத்ததும் முதலில் எழுதியது அதுதானாம். 'ஆர்' போட்டதெல்லாம் அதற்குப் பிறகுதானாம்.